போட்டோ வேலையில் எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



போட்டோவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். சில குழுக்கள் "கம்ப்யூட்டர், பிரிண்டர் வாங்க உள்கடன் வேண்டும்" என்று தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கின்றன. எந்த மென்பொருள் நல்லது, எவ்வளவு செலவாகும் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் மெனுவை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். யூடியூபில் தமிழில் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, செய்து செய்து பழகியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நமக்கு எதற்கெல்லாம் போட்டோ தேவைப்படுகிறது என்று முதலில் பாருங்கள். பேங்க் லோன் பாரத்துக்கு, பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷனுக்கு, நலவாரிய அட்டைக்கு, குழுவில் புதிதாகச் சேருகிறவருக்கு என்று பாஸ்போர்ட் சைஸ் படம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேல் லைனில் இருக்கிற ஒரு அக்கா 8 படம் எடுக்க டவுனுக்குப் போனால் பஸ் காசு தனி, ஸ்டுடியோ காசு தனி, அன்றைய பேர் தனி. கொழுந்து சீசனில் ஒரு நாள் பேர் போவது சின்ன விஷயமா? அது மிச்சமாகுமா என்பதுதான் நம் கேள்வி.

போட்டோ நம்ம மலைக்குப் புதுசு இல்லை. ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியை நம்ம அப்பா அம்மா காலத்தில் எல்லோரும் 'பிலிம் பேக்டரி' என்றே சொல்வார்கள். 1960இல் மத்திய அரசு தொடங்கியது. 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. பிலிம் செய்யத் தூசியில்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்றுதான் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிம், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து நாடு முழுக்கப் போனது. பிறகு நஷ்டம் ஏறியது. டிஜிட்டல் கேமராவும் வந்தது. கடைசியில் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இன்னும் நம்ம நடுவில் இருக்கின்றன. பிலிம் போய்விட்டது, போட்டோ தேவை மட்டும் போகவில்லை. இன்றைக்கு நாம் வாங்குகிற மெஷினும் ஒரு நாள் பழசாகும். அதனால் கருவி மேல் அதிகப் பணம் போடாமல், கையில் வேலையைக் கற்றுக்கொள்வதுதான் நமக்கு லாபம்.

இப்போது மென்பொருளுக்கு வருகிறேன். கடையில் கேட்டால் எல்லோரும் சொல்கிற பெயர் போட்டோஷாப். அடோபி கம்பெனி 1990இல் கொண்டுவந்தது. நல்ல மென்பொருள்தான், கல்யாண ஆல்பம் செய்கிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் 2013க்குப் பிறகு அதன் புதுப் பதிப்பை ஒரே தடவை காசு கொடுத்து வாங்க முடியாது. வாடகை மாதிரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் அதில் வேலை செய்ய முடியாது. பாஸ்போர்ட் படமும் லேபிளும் செய்கிற நமக்கு அந்த வாடகை எதற்கு?

"நூறு ரூபாய் கொடுத்தால் போட்டோஷாப் போட்டுத் தருகிறேன்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அது திருட்டுப் பதிப்பு. சட்டப்படி தப்பு. அதோடு வைரஸும் உள்ளே வரும். அதே லேப்டாப்பில்தான் குழுவின் வரவு செலவும் உறுப்பினர்களின் பேங்க் நம்பரும் இருக்கும். நூறு ரூபாய்க்கு அதைத் திறந்துவிட வேண்டாம்.

இலவசமாக, நேர்மையாகக் கிடைக்கிற நாலு மென்பொருள் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஸ்நாப்சீட். இது போனில் ஓடும். கூகுளுடையது. காசு கேட்காது, விளம்பரம் வராது. வெளிச்சம் கூட்ட, சாய்ந்த படத்தை நேராக்க, தேவையில்லாததை வெட்ட, சின்னக் கீறலை மறைக்க இது போதும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இதில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இத்தனை மில்லிமீட்டர் என்று அளவு வைக்க இதில் வழி இல்லை.

இரண்டு, ஜிம்ப். இது கம்ப்யூட்டருக்கு. 1995இல் அமெரிக்காவில் இரண்டு காலேஜ் மாணவர்கள் தொடங்கினார்கள். இன்றைக்கு வரை பலர் சேர்ந்து வளர்த்து இலவசமாகவே தருகிறார்கள். நெட் இல்லாமலும் ஓடும். மேகம் இறங்கினால் சிக்னல் போகிற நம்ம ஊருக்கு அது பெரிய வசதி. 2011 முதல் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. அது இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால், ஜிம்பின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். புது கம்ப்யூட்டருக்குக் கடன் எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

மூன்று, போட்டோபியா. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே வேண்டாம், பிரவுசரில் திறக்கலாம். பார்க்கப் போட்டோஷாப் மாதிரியே இருக்கும். அந்த ஃபைலையும் திறக்கும். பக்கத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். படம் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

நாலு, கேன்வா. இது படத்தைத் திருத்துவதைவிட லேபிள், அழைப்பிதழ், நோட்டீஸ் செய்யத்தான் வசதி. தமிழ் எழுத்துரு இருக்கிறது. கிரீடம் போட்ட படங்களுக்குக் காசு கேட்கும். கிரீடம் இல்லாததை மட்டும் எடுத்தால் செலவில்லை.

எந்த மென்பொருளானாலும் நான் முதலில் வைக்கிற பரீட்சை ஒன்று உண்டு. 'கோத்தகிரி', 'கொலக்கம்பை' என்று இரண்டு சொல்லை அடித்துப் பாருங்கள். கொம்பு 'க'வுக்கு முன்னால் சரியாக வந்து உட்கார்ந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். கொம்பு பின்னால் போனாலோ, புள்ளி வட்டம் வந்தாலோ லேபிள் அடிக்க அது ஆகாது. தைல பாட்டிலில் நம்ம ஊர் பெயரே தப்பாக இருந்தால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்?

இன்னொரு எச்சரிக்கை. "7 நாள் இலவசம்" என்று சொல்லி, ஆரம்பத்திலேயே பேங்க் விவரமோ யுபிஐ ஆட்டோபே அனுமதியோ கேட்கிற ஆப் எதையும் போடாதீர்கள். எட்டாம் நாள் பணம் தானாகப் போகும். போட்டோ ஆப் உங்கள் கான்டாக்ட், மெசேஜ் எல்லாம் பார்க்க அனுமதி கேட்டாலும் கொடுக்காதீர்கள். படம் வெட்டுவதற்கு உங்கள் அண்ணன் நம்பர் எதற்கு? பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அடுத்து, படம் எடுப்பது. மென்பொருளில் அரை மணி நேரம் திருத்துவதை, எடுக்கும்போது இரண்டு நிமிஷம் கவனித்தால் மிச்சம் பிடிக்கலாம். வெளுத்த வேட்டியைச் சுவரில் கட்டுங்கள். ஆள் அதிலிருந்து இரண்டடி முன்னால் நிற்கட்டும், அப்போதுதான் நிழல் விழாது. முகம் வாசல் பக்கமோ ஜன்னல் பக்கமோ இருக்கட்டும். பிளாஷ் வேண்டாம். பின்பக்கக் கேமராவில், நாலைந்து அடி தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். நம்ம ஊர் மேக மூட்டம் படத்துக்கு ரொம்ப நல்லது. வெளிச்சம் ஒரே சீராக விழும், கண் கூசாது.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், பிரிண்டில் மங்கலாக வரும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் முழுப் படமும் அப்படியே போகும்.

அளவுக் கணக்கு சொல்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் என்று பொதுவாகக் கேட்பது 35 மி.மீ அகலம், 45 மி.மீ உயரம். விண்ணப்பத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். தெளிவாக வர ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியென்றால் படம் 413க்கு 531 பிக்சல். போட்டோ பேப்பர் 4க்கு 6 அங்குலம், அதாவது 1200க்கு 1800 பிக்சல். பேப்பரைப் படுக்க வைத்தால் வரிசைக்கு 4 படம், இரண்டு வரிசை, மொத்தம் 8 படம் உட்காரும். வெட்டுவதற்கும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். ஜிம்பில் இந்தத் தாளை ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டால் அடுத்த ஆளுக்குப் படத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் எடுத்துவிட்டு '100 சதவீதம்' அல்லது 'ஆக்சுவல் சைஸ்' என்று வையுங்கள். முதலில் சாதாரணத் தாளில் ஒன்று அடித்து, பிள்ளையின் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 35 மி.மீ சரியாக வந்த பிறகு போட்டோ பேப்பர் வையுங்கள். ஒரு சாதாரணத் தாள் போனால் போகட்டும், போட்டோ பேப்பர் வீணாகக் கூடாது.

முகத்தை வெளுப்பாக்கச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். செய்யாதீர்கள். அரசு அடையாளத்துக்குக் கொடுக்கும் படத்தில் முகத்தை மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெயிலிலும் பனியிலும் கொழுந்து பறித்த முகம் நம்முடையது. அந்த முகம் அப்படியே இருக்கட்டும்.

இப்போது பிரிண்டர். மூன்று விதம் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்கும்போது மலிவாக இருக்கும், மை தீர்ந்தால் கார்ட்ரிட்ஜ் விலை கையைக் கடிக்கும். இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கும்போது விலை கூட, ஆனால் பாட்டில் மை ஊற்றுவதால் ஒரு தாளுக்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. எப்சன், கேனான், ஹெச்பி மூன்று கம்பெனியிலும் இந்த வகை கிடைக்கிறது. லேசர் பிரிண்டர் எழுத்துக்கு நல்லது, போட்டோவுக்குப் பொருந்தாது. போட்டோ என்றால் நமக்கு இங்க் டேங்க்தான்.

ஆனால் வாங்கலாமா? ஒரு கணக்குப் போடுவோம். விலை கடைக்குக் கடை மாறும், முறையைக் காட்டத்தான் இந்த எண்கள். பிரிண்டர் 12,000 ரூபாய். உள்கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 12 மாதத் தவணை. முதல் மாதம் அசல் 1,000, வட்டி 120, ஆக 1,120 கட்ட வேண்டும். ஒரு ஷீட்டுக்குப் பேப்பர் 5 ரூபாய், மை 3 ரூபாய், வீணாவதற்கு 2 ரூபாய், ஆக 10. எட்டுப் படத்துக்கு 40 ரூபாய் வாங்கினால் மிச்சம் 30. அப்படியென்றால் தவணை கட்ட மட்டும் மாதம் 38 ஷீட் ஓட வேண்டும்.

இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, கவனித்தீர்களா? படம் எடுத்து, திருத்தி, வெட்டிக் கொடுக்கிற பெண்ணின் கூலி. நம்ம கணக்கில் எப்போதும் விட்டுப்போவது அதுதான். ஷீட்டுக்கு 10 ரூபாய் அவளுக்கு என்று எழுதினால் மிச்சம் 20. அப்போது 56 ஷீட் ஓட வேண்டும். அறுபது வீடு இருக்கிற ஒரு ஊரில் மாதா மாதம் 56 குடும்பம் போட்டோ எடுக்குமா? எடுக்காது. முதல் மாதம் எல்லோரும் வருவார்கள், மூன்றாம் மாதம் பிரிண்டர் மேல் துணி மூடியிருக்கும், தவணை மட்டும் ஓடும். இருபது குழு சேர்ந்தால் அந்த எண்ணிக்கை வரும். அதனால் குழுவுக்கு ஒரு பிரிண்டர் வேண்டாம், கூட்டமைப்புக்கு ஒன்று போதும் என்பது என் கருத்து.

சும்மா கிடந்தால் பிரிண்டர் கெட்டும் போகும். மை வருகிற துவாரம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவையாவது கலரில் ஒரு தாள் அடிக்க வேண்டும். சுவர் ஸ்விட்சை அணைக்காமல் முதலில் பிரிண்டரின் பட்டனை அழுத்தி நிறுத்துங்கள், அப்போதுதான் அந்தத் துவாரம் மூடிக்கொள்ளும். ஜூன், ஜூலையில் நம்ம வீட்டில் உப்பே தண்ணீர் விடும். போட்டோ பேப்பர் சும்மா இருக்குமா? பாக்கெட்டைப் பிரித்ததும் இறுக மூடுகிற டப்பாவில், ஈரம் உறிஞ்சுகிற ஜெல் பொட்டலத்தோடு படுக்கையாக வையுங்கள். அடித்த படத்தை உடனே ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் காயவிடுங்கள்.

லேபிள் செய்கிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மை பெரும்பாலும் தண்ணீர் பட்டால் கரையும். தைலம், தேன், ஊறுகாய் பாட்டிலுக்கு வீட்டு பிரிண்ட் ஒட்டினால் கை ஈரத்திலேயே எழுத்து கலங்கும். டிசைனை நாமே இலவசமாகச் செய்துகொண்டு, அடிப்பதை மட்டும் டவுனில் லேசர் பிரிண்ட் கடையில் கொடுப்பது நல்லது. சாப்பாட்டுப் பொருள் என்றால் பெயர், சேர்மானம், எடை, விலை, தயாரித்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும் என்பது, முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, இவை எல்லாம் இருக்கின்றனவா என்று அடிக்கக் கொடுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

இனி, காசுக் கணக்கில் வராத ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய போட்டோ.

1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று நம்ம மாவட்டம் முழுக்க இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் அரசு 1968இல் டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கப்பலில் வந்தவர்கள் பெட்டியில் ஆல்பமா கொண்டுவந்தார்கள்? பல வீடுகளில் பாட்டியின் ஒரே படம் அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற படம்தான்.

எங்கள் பக்கத்து லைன் அக்கா ஒருத்தர் அப்படி ஒரு பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார். அம்மாவின் வருஷத் திதிக்கு மாட்டப் படம் வேண்டும் என்றார். முத்திரை பாதிக் கன்னத்தில் விழுந்திருந்தது. அவருடைய மகன் ஏதோ ஒரு ஆப்பில் போட்டு ஒரே நிமிஷத்தில் பளிச்சென்று ஒரு படம் கொண்டுவந்தான். மூக்கு நேராகி, தோல் வழவழப்பாகி, கண் பெரிதாக இருந்தது. அந்த அக்கா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்கம்மா இல்லையே" என்றார். தானாகச் செய்கிற ஆப், தெரியாத இடத்தைக் கற்பனை செய்து நிரப்பிவிடும். பிறகு நாங்கள் ஜிம்பில் உட்கார்ந்தோம். முத்திரைக் கோட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு சாயங்காலம் எடுத்தோம். முகத்தில் கை வைக்கவில்லை. தாடைப் பக்கம் ஒரு கோடு போகவே இல்லை, அப்படியே விட்டோம். அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டில் மாலையோடு இருக்கிறது.

பழைய படத்துக்கு நாலு விஷயம் நினைவில் வையுங்கள். பாஸ்போர்ட்டிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், அந்தப் புத்தகம் பிள்ளைகளுக்கு ஆதாரமாக வேண்டியிருக்கும். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலிருந்தே, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் 600 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். முதல் காப்பியைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, இன்னொரு காப்பியில் திருத்துங்கள்.

கடைசியாக, நம்பிக்கை. பெண்கள் படம் நம் கைக்கு வருகிறது. ஆதார் நகலும் சேர்ந்து வருகிறது. வேலை முடிந்ததும் உரியவரைக் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அழித்துவிட வேண்டும். கேட்காமல் குழுவின் வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. ஒரு தடவை பெயர் கெட்டால் யாரும் நம்மிடம் முகத்தைக் காட்ட வரமாட்டார்கள்.

கூட்டமைப்பின் முன் மூன்று தீர்மானங்கள் வைக்கிறேன். மென்பொருளுக்கு எந்தக் குழுவும் காசு செலவழிக்க வேண்டாம், இலவசமானதில் மூன்று மாதம் பழகிவிட்டு அப்புறம் யோசிப்போம். பிரிண்டர் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒன்று மட்டும் இருக்கட்டும், வேலை செய்கிற பெண்ணுக்கு ஷீட்டுக்கு இவ்வளவு கூலி என்று முதல் நாளே நோட்டில் எழுதுவோம். குழுவுக்கு ஒருவர் வீதம் பழக்கலாம். பயிற்சிக்கு வருகிறவர்கள் வீட்டிலிருக்கிற ஒரு பழைய படத்தையும் எடுத்து வாருங்கள், அதிலேயே ஆரம்பிப்போம்.